சும்மா இருந்த இருபத்திரண்டு நிமிடம்

திரையின் வலது மூலையில் ஒரு பச்சை வட்டம்.
கோடு இழுத்தால் ஓடும்,
அளவு எழுதினால் ஓடும்.
மவுஸைத் தொடாமல் ஐந்து நிமிடம் போனால்
ஆரஞ்சு நிறமாகிக் காத்திருக்கும்,
கொடுத்த கடனைக் கேட்க வந்து
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்பவரைப்போல.

நாந்த் நகரத்தில்
நான் ஒருநாளும் ஏறப்போகாத வீட்டுக்கு
நெல்லித்தோப்பில், இரண்டாம் மாடியில்,
படிக்கட்டு வரைகிறேன்.
மணிக்கு இத்தனை யூரோ.
ஆறு நிமிடம் ஒரு துண்டு.
ஒரு மணியைப் பத்தாக நறுக்கியவருக்கு
வஞ்சிரம் வெட்டத் தெரிந்திருக்க வேண்டும்:
எல்லாத் துண்டும் ஒரே கனம்.
தலையும் வாலும் கணக்கில் இல்லை.

மூன்று நாளாக ஒரு தகராறு.
பதினாறு படி, படிக்குப் பதினேழரை சென்டிமீட்டர்,
கூட்டினால் இருநூற்று எண்பது.
தளத்துக்குத் தளம் அளந்தால்
இருநூற்று எண்பத்தொன்றரை.
அந்த ஒன்றரை
எந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ,
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வட்டம் பச்சையாகவே இருந்தது.
ஒன்றும் நடக்காத மூன்று நாளுக்கும்
முழுக்கூலி எழுதிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குத்
தண்ணீர் கேன் வந்தது.
போடுபவருக்கு முதுகுவலி, கீழேயே வைத்துவிட்டார்.
தூக்கிக்கொண்டு ஏறினேன்.
ஏழாவது படியில்
எப்போதும்போல் கட்டைவிரல் இடித்தது.

எங்கள் ஏழாவது படி எல்லோருக்கும் தெரிந்த படி.
கேஸ் சிலிண்டர் போடும் தணிகாசலம்
அதற்கென்றே ஒரு கெட்டவார்த்தை வைத்திருக்கிறார்.
அடகுக்கடைக்காரர் பேரன் பல்லை உடைத்துக்கொண்டது
அங்கேதான்.
அன்றைக்கு ஏனோ கேனை இறக்கிவைத்து
அதன்மேலேயே உட்கார்ந்தேன்.
படிகளை எண்ணினேன். சாண் போட்டேன்.
மேலேயிருந்து எண்ணினேன்.
ஏழாவதுக்கு மேலே திரும்பும் மேடை.
மேடைக்கு மட்டும் பிறகு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.
டைல்ஸின் கனம், அடியில் சிமெண்ட்,
ஆகமொத்தம் ஒன்றரை.

கேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

திரையில் பெட்டி ஒன்று திறந்திருந்தது:
இருபத்திரண்டு நிமிடம் நீங்கள் செயல்படவில்லை.
இந்த நேரத்தை வைக்கவா? நீக்கவா?

என் கொழுந்தன் செபஸ்தியான் ஆட்டோ ஓட்டுகிறார்.
ஜிப்மர் வாசலில் ஒருவரை இறக்கிவிட்டுக்
காலை நீட்டிப் படுத்திருப்பார்.
"அண்ணி, ஓட்டுறதுக்குக் காசு கம்மிதான்.
சும்மா நிக்கிறதுக்குத்தான் வெயிட்டிங் சார்ஜ்,"
என்று சொல்லிச் சிரிப்பார்.
அவர் சிரித்தபோது
எனக்கு அது நகைச்சுவையாகத்தான் பட்டது.

வைக்கவும் என்று அழுத்தினேன்.
என்ன வேலை என்று கேட்டது.
பட்டியலில் வரைதல் இருந்தது, திருத்தம் இருந்தது,
கூட்டம், மின்னஞ்சல், இதர.
கேன்மேல் உட்கார்ந்திருத்தல் இல்லை.
இதரவில் போட்டு
எதிரே எழுதினேன்: படி எண்ணினேன்.
பிரெஞ்சில் எழுதும்போது
அது இன்னும் வெட்கமாக இருந்தது.

இருபத்திரண்டை
இருபத்து நான்காக உயர்த்திக்கொண்டது கணக்கு.
அந்த இரண்டு நிமிடத்தை நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாதக்கடைசியில் பில் போனது.
ஒரு வாரம் பதில் இல்லை.
கரண்ட் போனபோது, மீன் கழுவியபோது,
மகனுக்கு ஷூ லேஸ் கட்டியபோதெல்லாம்
அவருக்குச் சொல்லவேண்டிய விளக்கத்தை
மனதுக்குள் எழுதித் திருத்தினேன்.
அதற்கு வட்டம் ஓடவில்லை.

பணம் வந்தது. முழுதாக.
கூடவே இரண்டு வரி:
நன்றி மதாம்.
அடுத்த வேலை ஒரு முதியோர் இல்லத்துக்குச் சாய்தளம்.
படியே கிடையாது.

புது ஃபைல் திறந்தேன். பச்சை.
கீழே சிலிண்டர் உருளும் சத்தம்,
ஒரு நொடி அமைதி,
பிறகு ஏழாவது படியில்
தணிகாசலத்தின் குரல்.